அகலுக்கு நீளம் எத்தனை சென்டிமீட்டர்?

வேங்கிக்காலில் வேலூர் சாலையை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்களுக்குத் திங்கள்கிழமைதான் வாரத்தின் பெரிய நாள். அன்றைக்குக் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். செய்யாறு, வந்தவாசி, செங்கம், ஜமுனாமரத்தூர் என்று மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். 1989 செப்டம்பரில் பழைய வட ஆற்காட்டைப் பிரித்து இந்தத் திருவண்ணாமலை மாவட்டம் உண்டானது. அலுவலகங்கள் இந்தப் பக்கம் வர வர, மனு எழுதுகிறவர், ஜெராக்ஸ் கடை, டீக்கடை என்று ஒவ்வொன்றாக முளைத்தன. அப்படி வந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். ஒரு மடக்கு மேசை, ஒரு தட்டச்சுப்பொறி, அவ்வளவுதான் கடை. எதிரில் உட்காரும் பாட்டி மருமகளில் ஆரம்பித்து மாடு செத்தது வரைக்கும் அரை மணி நேரம் சொல்வாள். அப்பா குறுக்கே பேசமாட்டார். எல்லாம் முடிந்ததும், ‘பொருள்: முதியோர் உதவித்தொகை நிறுத்தப்பட்டது தொடர்பாக’ என்று ஒரு வரி அடிப்பார். பாட்டி சொன்னதில் அலுவலகத்துக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். ஆனால் அரை மணி நேரமும் காது கொடுத்தால்தான் அது எந்த வரி என்று பிடிபடும்.

அப்பாவுக்குப் பிறகு அதே இடத்தில் நான் கம்ப்யூட்டர் வைத்தேன். பட்டா, சிட்டா, வருமானச் சான்று, வேலைவாய்ப்புப் பதிவு என்று ஓடிக்கொண்டிருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கோடு எல்லாம் நின்றது. திங்கள்கிழமைக் கூட்டம் இல்லை. அதைவிடப் பெரிய அடி ஊருக்கு: கிரிவலத்துக்குத் தடை. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கில் ஆள் நடக்கும் 14 கிலோமீட்டர் பாதை காலியாகக் கிடந்தது. திருவண்ணாமலையில் வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், சீட்டுப் பணம் எல்லாமே பௌர்ணமியைக் கணக்கு வைத்துத்தான் கட்டுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது நிலாக் கணக்கு. எங்களுக்குச் சம்பளத் தேதி.

ஆடி மாதம் வாக்கில், ஈசான்ய லிங்கம் பக்கம் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த அக்கா ஒரு கட்டைப்பையோடு என் கடைக்கு வந்தார். முப்பது வருஷமாக அதே இடத்தில் விபூதி, ருத்ராட்சம், அகல், திரி, ஊதுபத்தி, பித்தளை விளக்கு விற்றவர். பெங்களூரில் இருக்கும் மருமகன் போனில் சொன்னாராம், ஆன்லைனில் போடலாமே என்று.

“இன்னா தம்பி, பொருளு இங்க கீது, ஆளு ஊட்டுல கீது. நடுவுல நீ ஒரு தோது பண்ணு” என்றார்.

விற்பனைத் தளத்தில் கணக்குத் திறப்பது பெரிய வித்தையில்லை. பான் கார்டு, வங்கிக் கணக்கு, முகவரி. இடித்தது ஜி.எஸ்.டி. எண்தான். விபூதி, ருத்ராட்சம், மண் அகல், விளக்குத் திரி நாலும் வரிவிலக்குப் பட்டியலில் இருப்பவை. ஊதுபத்திக்கு 5 சதவீதம். நேரில் பொருள் விற்கிற சிறு கடைக்காரர் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவே இல்லாமல் விற்கலாம். அதே ஆள் அதே ஊதுபத்தியைத் தளத்தின் வழியாக விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். அப்போதைய சட்டம் அப்படி. மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சின்ன வியாபாரிகளுக்கு அதைத் தளர்த்தியது 2023 அக்டோபர் 1 முதல்தான். பத்துக்குப் பத்துக் கடைக்காரரைப் பெரிய கம்பெனியோடு ஒரே தராசில் நிறுத்திய அந்த விதி எனக்கு ஒருநாளும் நியாயமாகப் பட்டதில்லை. இருந்தாலும் அக்கா பதிவு வாங்கினார். “கோயில் வாசல்ல செருப்ப கழட்டற மாதிரின்னு நெனச்சிக்கிறேன்” என்றார்.

அப்புறம் கேட்டலாக்.

தளம் ஒரு எக்செல் தாளைக் கொடுக்கும். பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போகலாம், பத்திகள் முடியவே முடியாது. சிவப்புத் தலைப்புப் போட்டவை கட்டாயம். மற்றவை உங்கள் பாடு. பொருளின் பெயர், பிராண்ட், நிறம், மூலப்பொருள், நீளம், அகலம், உயரம், எடை, ஒரு கட்டில் எத்தனை, அதிகபட்ச சில்லறை விலை, விற்கும் விலை, எச்.எஸ்.என். எண், தயாரித்தவர் பெயர், முகவரி, பிறந்த நாடு. நமக்கென்று ஒரு குறியீடு வைத்துக்கொள்ள எஸ்.கே.யூ. என்று ஒரு கட்டம். பார்கோடு எண்ணுக்கு ஒரு கட்டம். 13 இலக்கம், நம் நாட்டில் பதிவு செய்தால் 890-இல் தொடங்கும். அக்காவின் விபூதிக்கு ஏது பார்கோடு? அதற்கு விலக்குக் கேட்டு ஒரு விண்ணப்பம், அதோடு பொருளையும் கட்டையும் ஆறு பக்கமும் படம் பிடித்து அனுப்ப வேண்டும். இதில் பாதிக் கட்டங்கள் தளத்தின் ஆசைக்காக வந்தவை அல்ல. பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2018 ஜனவரி 1 முதல் இணையத்துக்கும் கட்டாயமாயின. கட்டின்மேல் என்ன அச்சிட வேண்டுமோ, அதில் பெரும்பகுதியைத் திரையிலும் காட்டியாக வேண்டும்.

முதலில் வகை. அதைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் மற்றவை எல்லாமே தப்பாகும். தளம் எடுக்கிற கமிஷன், திருப்பி அனுப்பலாமா கூடாதா, தேடுகிறவர் கண்ணில் படுமா என்ற மூன்றும் அதைப் பொறுத்தே தீர்மானமாகும். விபூதியை ‘வீட்டு அலங்காரம்’ என்பதன் கீழ்ப் போட்டால் மெழுகுவத்திகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். கீழே கீழே இறங்கிப் போனால் பூஜைப் பொருள்களுக்கென்று ஒரு கிளை இருக்கும். அதைத் தேடிப் பிடிக்கும்வரை பொறுமை வேண்டும்.

பிறகு நான் அப்பா செய்ததைச் செய்தேன். அக்காவைக் கடையில் விற்பதுபோலப் பேசச் சொன்னேன். நான்தான் வாங்க வந்த ஆள். பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கிறேன். அவர் பேச ஆரம்பித்தார். “இது பசுஞ்சாணத்துல சுட்டது சார், நெத்தில வெச்சா எரியாது, வாசன போடல, வேணும்னா மோந்து பாருங்க. கால் கிலோ கட்டு ஒரு குடும்பத்துக்கு மூணு மாசம் வரும். பையன் படிக்கிற மேசைல வைக்க சின்ன டப்பியும் கீது.” கேட்டுக்கொண்டே ஐந்து வரி விளக்கத்தை அடித்து முடித்தேன். மூலப்பொருள், வாசனை சேர்க்காதது, தோலை எரிக்காது, எத்தனை நாள் வரும், வேறு என்ன அளவில் கிடைக்கும். இணையத்தில் ‘தலைசிறந்த தரம்’, ‘தெய்வீக அனுபவம்’ என்று எழுதியிருந்த விபூதிகளை அதற்கு முன் நிறையப் பார்த்திருந்தேன். ஒன்றிலாவது நெற்றியில் எரியுமா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. எழுதியவர்கள் கடையில் நின்று விற்றதில்லை, வேறென்ன.

படம் எடுப்பதுதான் பெரிய கூத்து. முதன்மைப் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். பொருள் சட்டத்தில் பெரும்பகுதியை நிரப்ப வேண்டும். பெரிதாக்கிப் பார்க்க நீளப் பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும். எழுத்து, முத்திரை எதுவும் கூடாது. விபூதியோ வெள்ளை. வெள்ளைச் சார்ட்டில் வெள்ளை விபூதியைக் குவித்து எடுத்தால் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. நான் கோணத்தை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து மரத்தில் கடைந்த பழைய விபூதி மடலைக் கொண்டுவந்தார். எண்ணெய் ஏறிக் கறுத்த மரம். அதில் விபூதியைக் கொட்டி, நடுவில் மூன்று விரலால் ஒரு இழு இழுத்தார். மூன்று கோடு விழுந்தது. விபூதியின் மாவுத்தன்மையும் வெண்மையும் அந்தக் கோட்டு ஓரத்தில்தான் தெரிந்தன.

பித்தளை விளக்கு வேறு வகைத் தொல்லை. எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் குத்துவிளக்கின் வயிற்றில் போனைப் பிடித்துக்கொண்டு நானே நின்றேன். மொட்டை மாடியில் நாலு கம்பு நட்டு, அப்பாவின் எட்டு முழ வேட்டியைச் சுற்றிக் கட்டி, உள்ளே விளக்கை வைத்து, போன் லென்ஸ் அளவுக்குத் துணியின் நடுவில் ஒரு சந்து விட்டு எடுத்தோம். வெயில் வேட்டியில் வடிகட்டி உள்ளே இறங்கியது. நிழலும் இல்லை, நானும் இல்லை.

அகலுக்கு வந்தோம். சக்கரத்தில் சுற்றி, கையால் மூக்கு வளைத்து, சூளையில் சுட்டது. ஒன்றுபோல ஒன்று இருக்காது. தாளோ நீளம், அகலம், உயரம் மூன்றும் சென்டிமீட்டரில் கேட்டது. “அகலுக்கு இன்னாப்பா நீளம்? ஒழக்கு எண்ணெ ஊத்துறதா, கரண்டி எண்ணெ ஊத்துறதான்னு கேக்கச் சொல்லு” என்றார் அக்கா. அவர் சொல்வது சரியான அளவுதான். விளக்கு வாங்குகிறவருக்கு வேண்டியது அது எத்தனை நேரம் எரியும் என்பது. ஆனாலும் கட்டம் காலியாக இருந்தால் தாள் மேலேறாது. ஒரு டஜனை வரிசையாக வைத்து அளந்து, சிறிதையும் பெரிதையும் குறித்து, நடுவில் ஒரு எண்ணைப் போட்டோம். விளக்கத்தில் ‘கையால் செய்தது, அரை சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கும், ஒருமுறை நிரப்பினால் ஏறக்குறைய இவ்வளவு நேரம் எரியும்’ என்று சேர்த்தோம். எரித்துப் பார்க்காமல் அந்த நேரத்தை எழுத அக்கா விடவில்லை. என் கடை மேசையில் ஒரு சாயங்காலம் முழுக்க அகல் எரிந்தது.

இரண்டாவது படத்துக்கு அக்காவே யோசனை சொன்னார். “என் கைல வெச்சு எடு.” மஞ்சள் காய்ப்பேறிய உள்ளங்கையில் ஒரு அகல். பார்த்த மாத்திரத்தில் அளவு புரிந்துவிடும். நீளம், அகலம் போட்டும் ‘படத்தில் பெரிதாகத் தெரிந்தது’ என்று திருப்பி அனுப்புவது இந்த வியாபாரத்தில் சகஜம். அந்தக் கைப் படம் போட்ட பிறகு அகல் அப்படித் திரும்பி வந்ததாக நினைவில்லை.

அகல் எடைக்கல்லில் முக்கால் கிலோகூட வராது. ஆனால் உடையாமல் போக வைக்கோலும் காகிதமும் திணித்தால் பெட்டி பெருத்துவிடும். கூரியர்காரர்கள் பெட்டி பிடிக்கும் இடத்துக்கும் ஒரு எடை போடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்க வேண்டும். 30-க்கு 20-க்கு 15 பெட்டியென்றால் 1.8 கிலோ. நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆக, கேட்டலாக்கில் விலை எழுதும் முன்பே பெட்டியைத் தீர்மானிக்க வேண்டும். அகலை ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கி, நடுவே காகிதம் கொடுத்துப் பெட்டியைப் பாதியாக்கினார் அக்கா. லாபம் அங்கேதான் வந்தது.

ருத்ராட்சம் எங்களை நிறுத்திவைத்தது. பிறந்த நாடு என்ற கட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளுக்குப் பிறகு அதைக் காலியாக விட முடியாது. கிரிவலப் பாதையில் முப்பது வருஷமாக ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. அண்ணாமலையில் வாங்குவதால் அது அண்ணாமலை ருத்ராட்சம், அவ்வளவுதான். நான் ‘இந்தியா’ என்று தேர்ந்தெடுக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்தார்.

“இரு. இந்தச் சின்ன மணி இந்தோனேசியா. இந்தப் பெரிய அஞ்சு முகம் நேபாளம். சென்னைல மொத்தமா எடுக்கறப்பவே சாக்குல பிரிச்சுத்தான் வெச்சிருப்பாங்க.”

நம் ஊர் மாலைகளில் கோர்க்கும் சிறு மணிகளில் பெரும்பாலானவை இந்தோனேசியத் தீவுகளில் விளைகின்றன என்பது வியாபாரிகளுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. வாங்குகிறவருக்குத்தான் தெரியாது. கேட்டால் அக்கா சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை. அப்படியே எழுதினோம், சின்னது இந்தோனேசியா, பெரியது நேபாளம் என்று. எழுதினால் விற்குமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. விற்றது. நேபாளம் என்று போட்டதற்கு விலையே கூட்டிக் கேட்க முடிந்தது. இந்த ஒரு கட்டத்துக்காக அந்த எக்செல் தாளை நான் பாதி மன்னித்துவிட்டேன்.

அடுத்து, பேச்சு பரவி, டவுனிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். விபூதிதான். தலைப்பில் ‘அண்ணாமலையார் கோயில் பிரசாதம்’ என்று போட வேண்டும் என்றார். கோயிலில் வாங்கியதா என்றேன். “ஊர் அதுதானே சார்.” முடியாது என்று அனுப்பிவிட்டேன். பின்னாளில், 2024 ஜனவரியில், அயோத்தி ராமர் கோயில் பிரசாதம் என்ற பெயரில் இணையத்தில் இனிப்புகள் விற்கப்பட்டதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பிய செய்தியைப் படித்தபோது அவர் முகம்தான் ஞாபகம் வந்தது. கார்த்திகை தீபம் எரிந்த கொப்பரை மலையுச்சியிலிருந்து இறங்கியதும் தீப மை எப்போது கிடைக்கும், ஆன்லைனில் போடுவீர்களா என்று இப்போதும் போன் வரும். அது கோயிலில் கொடுப்பது. என் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.

இப்படிப் பட்டியல் போட்டுத் தூரத்து ஆளுக்கு விற்பதைக் கம்ப்யூட்டர் காலத்துப் புதுமை என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. 1872-இல் சிகாகோவில் ஆரன் மாண்ட்கோமரி வார்டு என்பவர் 163 பொருள்களின் விலையை ஒற்றைத் தாளில் அச்சடித்துக் கிராமத்து விவசாயிகளுக்கு அனுப்பினார். 1877-லேயே இங்கே தபால் துறை வி.பி.பி.யைக் கொண்டுவந்துவிட்டது. பார்சலை வாங்கிக்கொண்டு போஸ்ட்மேனிடம் பணம் கொடுப்பது. தமிழ்ப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் கூந்தல் தைலமும் ஜாதகப் புத்தகமும் அப்படித்தான் விற்றன. நாலே வரி விளம்பரத்தில் பொருள், அளவு, விலை, தபால் செலவு தனியா சேர்த்தா என்பது உட்பட எல்லாம் இருக்கும். அந்த நாலு வரி எழுதியவர்கள் இன்றைக்கு இருந்தால் எனக்கு வேலை கிடைத்திருக்காது.

2020 கடைசியில் ஜவ்வாதுமலையிலிருந்து ஒரு மகளிர் குழு வந்தது. மகளிர் திட்ட அலுவலகத்துக்கு வந்தவர்களை யாரோ என் கடைக்குக் கைகாட்டியிருக்கிறார்கள். சாமை அரிசி, புளி, தேன். உண்ணும் பொருள் என்றால் தாளில் இன்னொரு கொத்துப் பத்திகள் திறந்துகொள்ளும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், 14 இலக்கம். அப்போது ஆண்டு வியாபாரம் 12 லட்சத்துக்குள் என்றால் வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். பச்சைப் புள்ளி, சேர்மானம், எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். குழுத் தலைவி அதிகம் பேசாதவர். நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்வார். தேனைப் பற்றி எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன்.

“ஒறஞ்சு போவும்னு எழுதலியேண்ணா” என்றார்.

“அதை எதுக்கு எழுதணும்? வாங்க மாட்டாங்களே.”

“மார்கழில ஒறைஞ்சிடும். சக்கர கலந்துட்டாங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. இங்க சந்தையிலயே கேக்கறாங்க.”

எழுதினேன்: குளிரில் தேன் உறைவது இயல்பு, பாட்டிலை வெந்நீரில் நிறுத்தினால் இளகிவிடும். அந்தத் தேனுக்கு வந்த விமர்சனங்களில் ஒருவர், உறையும் என்று முன்கூட்டியே சொன்னதால்தான் நம்பி வாங்கினேன் என்று எழுதியிருந்தார். சாமைக்கு அவர் சொன்னதும் அதேபோல: ஒரு பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு தண்ணீர். நகரத்தில் முதல்முறை சாமை வாங்குகிறவர்கள் குழைத்துவிட்டு அரிசியைக் குறைசொல்வார்கள் என்றார். மலையைவிட்டு அதிகம் இறங்காத பெண்மணிக்குச் சென்னை அடுப்படியில் என்ன நடக்கும் என்பது தெரிந்திருந்தது.

தலைப்பை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. தேடுசொற்களுக்கென்று வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி உண்டு. விளக்கு என்பதை ஆங்கில எழுத்தில் ஜனங்கள் எத்தனை விதமாக அடிப்பார்களோ அத்தனையும், தியா என்ற இந்திப் பெயரும் அதற்குள் போயின. அது அலுப்பு பிடித்த வேலை. அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

2020 நவம்பர் 29 தீபத்துக்கு வெளியூர்ப் பக்தர்கள் வர முடியவில்லை. கிரிவலமும் இல்லை. மலையுச்சியில் தீபம் ஏறியது. வேங்கிக்காலில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தோம். அதற்கு முந்திய இரண்டு வாரம் அக்காவின் வீட்டுத் திண்ணை முழுக்க அகல் பெட்டிகள். சென்னை, கோவை, பெங்களூர், பெயர் கேள்விப்படாத வடநாட்டு ஊர்கள். சிலர் குறிப்பில், ‘வருஷா வருஷம் வருவோம், இந்த முறை முடியவில்லை, அதனால் வாங்குகிறோம்’ என்று எழுதியிருந்தார்கள். என்னை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே பெட்டி ஒட்டினார் அக்கா.

2022-இல் கிரிவலத்துக்கு மறுபடி அனுமதி வந்தது. அக்கா கடையைத் திறந்தார். தளத்தில் பொருள்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு போன் வரும்: “தம்பி, எல்லாத்தையும் நிறுத்திடு. நேர்ல வர்ற ஆளுக்கே சரக்கு பத்தாது.” இருப்பு என்ற கட்டத்தில் எல்லாப் பொருளுக்கும் சைபர் போடுவேன். ஒருமுறை தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது, மாதாமாதம் இருப்பு தீர்ந்துபோகிறது, விற்பனையாளர் கவனிக்கவும் என்று. அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

“அவனுக்கு இன்னாவாம்? பௌர்ணமின்னு சொல்லு.”

சொல்ல வழியில்லை. தேர்ந்தெடுக்க நாலைந்து காரணங்கள் கொடுத்திருந்தார்கள், பௌர்ணமி அதில் இல்லை. ‘கடை விடுமுறை’ என்பதை அழுத்தினேன். அக்காவுக்கு மாதத்திலேயே உட்கார நேரம் இல்லாத நாட்கள் அவை.